பட்டர்க் கச்சானும் பட்டர்க் கஜுவும் வீட்டில் வறுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

பச்சைக் கச்சானை, அதாவது வேர்க்கடலையை, பட்டரில் போட்டு வறுத்தால் பட்டர்க் கச்சான் வராது. கச்சான் வறுபட்டு முடிந்த பிறகுதான் பட்டர் போக வேண்டும். வீடுகளில் இது பிழைத்துப் போவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதே காரணம்.

கடையில் வாங்கும் பட்டர் கட்டியில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, ஏறக்குறைய 16 பங்கு தண்ணீர், மிச்சம் பாலின் திண்மமும் உப்பும். அந்தத் திண்மம் 120 பாகை செல்சியஸைத் தாண்டியதும் சிவக்கத் தொடங்கும், 150 பாகைக்குக் கிட்டப் போனதும் கருகிப் புகையும். கச்சானின் உள்வயிறு வறுபட 160 பாகைக்கு அண்மித்த சூடு 12 நிமிடமாவது வேண்டும். ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தாச்சியில் போட்டால், கச்சான் பாதி வேகும்போதே பட்டர் கறுத்துவிடும். பருப்பில் கரும்புள்ளி ஒட்டும், வாயில் கசக்கும், கடித்தால் உள்ளே பச்சை மணம் அடிக்கும். பட்டரில் இருக்கும் தண்ணீரும் ஆவியாகிப் பருப்பை இளக்கிவிடும். பட்டரை முதலில் தனியாக உருக்கித் தண்ணீரைப் போக்கி வைப்பது, கச்சானை வெறுமையாக வறுப்பது, கடைசி 3 நிமிடத்தில் இரண்டையும் சேர்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கீழே உள்ள அளவு எல்லாம் கோதுடைத்த கச்சான் 500 கிராமுக்கு. வேண்டியவை:

கோதுடைத்த கச்சான் 500 கிராம்
பட்டர் 100 கிராம் (உருக்கினால் 75 முதல் 80 கிராம் வரும், அதில் 40 கிராம்தான் இதற்குப் போகும்)
ஊறப்போட: தண்ணீர் 1 லீற்றர், உப்பு 60 கிராம்
மேலே தூவ: மாவாக இடித்த உப்பு அரைத் தேக்கரண்டி
வறுக்க: கல்லுப்பு 1 கிலோ (இதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்)
கறிவேப்பிலை 3 நெட்டு, விரும்பினால் செத்தல் மிளகாய் 4, உள்ளி 6 பல்லு

கச்சானைத் தெரிவது

வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்து மணல் கலந்த மேட்டுக் காணிகளில் கச்சான் விளைகிறது. மாரி மழையை நம்பி விதைத்தது தை, மாசியில் பிடுங்கப்படும். அந்தக் காலத்தில் கோதோடு வாங்கி வீட்டில் உடைத்தால் கிடைக்கும் சுவை, கடையில் மாதக்கணக்காகக் கிடந்த உடைத்த கச்சானில் வராது. கோது இருக்கும் வரை பருப்பிலுள்ள எண்ணெய் காற்றுப் படாமல் இருக்கும். உடைத்த நாளிலிருந்து காறல் தொடங்கிவிடும். கோதோடு 1 கிலோ வாங்கினால் 650 முதல் 700 கிராம் வரை பருப்புத் தேறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கிய உடனேயே வறுக்க வேண்டாம். கோதைக் குலுக்கும்போது உள்ளே பருப்பு ஆடிச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வெயில் காட்ட வேண்டும். ஈரக் கச்சான் வறுபடும்போது சுருங்கிப் பல்லை உடைக்கிற கடினத்துக்குப் போய்விடும்.

உடைத்த கச்சான் வாங்குகிறீர்களென்றால் ஒரு பருப்பை எடுத்துப் பச்சையாகவே கடித்துப் பாருங்கள். இனிப்பாக, பச்சைப்பயறு போல இருந்தால் நல்லது. தொண்டையில் காறினால் எவ்வளவு பட்டர் போட்டாலும் அந்தக் காறல் மறையாது. பட்டரின் சூடு அதை இன்னும் எடுத்துக் காட்டும்.

பிறகு சுளகில் போட்டுப் புடையுங்கள். பதரும் தூசும் போகும். பூஞ்சணம் பிடித்தது, கறுத்தது, பச்சை அல்லது மஞ்சள் தூள் படிந்தது, சுருங்கிச் சூம்பியது, முளைவிட்டது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். இதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடக் கூடாது. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைத் தாக்கும் நஞ்சு. வறுக்கிற சூட்டில் முழுதாக அழியாது. பழுதான பருப்பைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், அவற்றுக்கும் அது நஞ்சுதான்.

கடைசியாக ஒரு வேலை: பெரியதையும் சிறியதையும் பிரித்தெடுங்கள். பெருங்கண் சல்லடையில் ஒருமுறை அரித்தால் போதும். பெரிய பருப்பு பதத்துக்கு வரும் நேரத்தில் சிறியது கருகிவிடும். ஒரு கைப்பிடி கருகிய பருப்பின் கசப்பு முழுத் தாச்சியிலும் ஏறும். சிறியதைத் தனியாக வறுத்துச் சம்பலுக்கோ வேறு எதற்கோ வைத்துக்கொள்ளலாம்.

பட்டரை உருக்குவது

வீட்டில் நெய் உருக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடி தடித்த சிறு பாத்திரத்தில் 100 கிராம் பட்டரைத் துண்டுகளாக வெட்டிப் போட்டு, ஆகக் குறைந்த நெருப்பில் வையுங்கள். உருகியதும் வெண்ணுரை எழும்பும், படபடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தண்ணீர் போகிற சத்தம். 6 முதல் 8 நிமிடத்தில் சத்தம் அடங்கும். நுரை மெல்லியதாகி அடி தெரியத் தொடங்கும். இப்போது கண்ணை எடுக்கக் கூடாது. அடியில் படிந்த திண்மம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, வறுத்த தேங்காய்ப்பூ நிறத்துக்கு வரும். சுட்ட பாலின் மணம் குசினி முழுக்கப் பரவும். அந்த நொடியில் அடுப்பால் இறக்கி வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். சூடான பாத்திரத்திலேயே விட்டால் இறக்கிய பிறகும் அடி கறுக்கும். பொன்னிறத்திலிருந்து கறுப்புக்குப் போக அரை நிமிடம் போதும்.

அடியில் நிற்கும் அந்தப் பழுப்புக் கசடை எறியாதீர்கள். பட்டரின் மணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஒரு சிறு கிண்ணத்தில் வழித்து வையுங்கள், கடைசியில் சேர்ப்போம். உப்புச் சேர்த்த பட்டர் என்றால் அதன் உப்பு முழுதும் அந்தக் கசடோடு இறங்கியிருக்கும். மேலே தூவும் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாஜரின் வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் அதிலும் தண்ணீர் இருக்கிறது, பட்டரின் மணம் தருகிற பாற்திண்மமோ இல்லை அல்லது மிகக் குறைவு. செலவு குறையும், பெயரும் போய்விடும். அதைவிட, ஊரில் நல்ல எருமை நெய்யோ பசு நெய்யோ கிடைத்தால் உருக்குகிற வேலையே இல்லாமல் அதில் 40 கிராம் எடுத்துக்கொள்வது நல்லது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தல்

மேலே மட்டும் உப்புத் தூவிய கச்சானில் முதற் கடிக்கு உப்பு இருக்கும், மெல்ல மெல்லச் சப்பென்று போகும். உப்பு உள்ளே இறங்க வேண்டுமானால் ஊறப்போடத்தான் வேண்டும். 1 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 60 கிராம் உப்பைக் கரையுங்கள். அடுப்பை நிறுத்தி, கச்சானைக் கொட்டி, மூடி வைத்து 30 நிமிடம் விடுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பைப் பாவித்தால் கரைத்த தண்ணீரைத் துணியில் ஒருமுறை வடித்துக்கொள்ளுங்கள். கல்லும் மண்ணும் தங்கும்.

30 நிமிடம் என்றால் 30 நிமிடம்தான். ஒரு இரவு ஊறினால் உப்பு அதிகம் ஏறும் என்று நினைத்து விட்டுவிட்டால், பருப்பு தண்ணீர் குடித்து ஊதி, வறுக்க இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். வந்த பிறகும் மொறுமொறுப்பாக இராது, கண்ணாடி மாதிரிக் கடினமாக இருக்கும்.

இந்த நிலையில் தோலை உரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஊறிய பருப்பின் தோல் விரலால் நசித்தால் வழுகிக்கொண்டு வரும். 500 கிராமுக்குத் தனியாள் இருந்து உரிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும், நாலு பேர் கூடி இருந்தால் 10 நிமிடம். விருந்துக்கு என்றால் உரித்த கச்சானே நல்லது. பட்டர் பருப்பிலேயே ஒட்டும், நிறமும் ஒரு சீராக வரும், கையிலும் நிலத்திலும் சிவப்புத் தோல் கொட்டாது. தோலோடு விட்டால் லேசான துவர்ப்பு ஒன்று இருக்கும். அது பிடித்தவர்களுக்கு அப்படியே விடலாம்.

வடித்த பிறகு பழைய பருத்திச் சேலைத் துண்டில் பரவி ஈரத்தை ஒற்றி, சுளகில் பரப்பி வெயிலில் வையுங்கள். சோளகம் அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் 2 மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வாடைக் காற்றுக் காலத்தில் வெயிலை நம்ப முடியாது. தாச்சியில் ஆகக் குறைந்த நெருப்பில் 10 நிமிடம் பிரட்டி ஈரத்தைப் போக்கலாம், ஓவன் இருந்தால் 100 பாகையில் 15 நிமிடம். ஒரு பருப்பை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கை ஈரமாகக் கூடாது. இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் வறுக்கப் போனால் கல்லுப்பு பருப்பில் பொருக்காக ஒட்டி, வாயில் வைக்க முடியாமல் போகும்.

வறுப்பு

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் மற்றத் திருவிழாக்களிலும் கச்சான்காரர் சுடுமணலில் வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் ஒவ்வொரு கச்சானையும் எல்லாப் பக்கத்தாலும் ஒரே சூட்டில் மூடிக்கொள்கிறது. வெறும் தாச்சியில் பருப்பு அடியைத் தொடுகிற ஒரு புள்ளியில் மட்டும் சூடு வாங்கும், மற்றப் பக்கம் காற்றில் நிற்கும். மணல் அந்த வித்தியாசத்தை எடுத்துவிடுகிறது. கோதோடு வறுக்க மணல்தான் சிறந்தது. கோதுடைத்த பருப்புக்கு மணல் சரிவராது, இரு பாதிக்கும் நடுவிலுள்ள பிளவில் மணி புகுந்து பல்லில் அரைபடும். அதற்குக் கல்லுப்பு.

இரும்புத் தாச்சி இருந்தால் அதை எடுங்கள். அலுமினியம் சட்டெனச் சூடேறிச் சட்டெனத் தணியும், மெல்லிய எவர்சில்வர் அடியில் புள்ளி புள்ளியாகச் சூடு பிடிக்கும். 1 கிலோ கல்லுப்பைத் தாச்சியில் போட்டு நடுத்தர நெருப்பில் 10 நிமிடம் சூடாக்குங்கள். முதல் சில நிமிடம் உப்பு வெடித்துத் தெறிக்கும். கல்லுக்குள் அகப்பட்ட ஈரம் வெளியே வருகிற வேலை அது. ஒரு மூடியைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து பார்க்காதீர்கள். வெடிப்பு அடங்கிய பிறகு ஒரே ஒரு பருப்பைப் போட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் மெல்லியதாகச் சீறினால் சூடு கணக்கு. போட்டவுடன் புள்ளி விழுந்து சிவந்தால் சூடு கூடிவிட்டது, நெருப்பைத் தணித்து 2 நிமிடம் துழாவுங்கள்.

சூடு சரியானதும் பாதிக் கச்சானை, அதாவது 250 கிராமை மட்டும் கொட்டுங்கள். 500 கிராமையும் ஒன்றாகப் போட்டால் உப்பின் சூடு விழுந்துபோகும். அகப்பையால் அடியிலிருந்து மேலே கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பு நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே.

முதல் 4, 5 நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பருப்பு இன்னும் இளகித்தான் இருக்கும், அவித்த கச்சான் மணம் வரும். நெருப்பைக் கூட்டுகிற ஆசை அப்போதுதான் வரும். கூட்டாதீர்கள். 7, 8 நிமிடத்தில் டிக் டிக் என்று வெடிக்கிற சத்தம் கேட்கும், தோல் விட்டிருந்தால் அது கழரத் தொடங்கும். மணம் மாறும். 10 நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து பாருங்கள். வெளிநிறத்தை நம்பாதீர்கள், உள்நிறம்தான் கணக்கு. உள்ளே வெள்ளையாகவே இருந்தால் பச்சை. காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் இறக்க வேண்டும். உள்ளே பொன்னிறம் வரும் வரை காத்திருந்தால் நேரம் பிந்திவிட்டது, ஏனென்றால் கச்சானில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெய் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இறக்கிய பிறகும் 3, 4 நிமிடம் உள்ளே வறுத்துக்கொண்டிருக்கும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் செல்லும்.

சூடாக இருக்கும்போது கச்சான் மொறுமொறுப்பாக இராது. இளகலாக இருக்கிறது, இன்னும் வேகவில்லை என்று நினைத்து மேலும் வறுத்தே பலர் கருக்குகிறார்கள். ஐயமாக இருந்தால் இரண்டு பருப்பை எடுத்துச் சுளகில் போட்டு விசிறி, ஆறிய பிறகு கடித்துப் பாருங்கள்.

பெருங்கண் வடிதட்டில் கொட்டி அரித்தால் உப்பு கீழே விழும், கச்சான் தங்கும். சூடான உப்பு எண்ணெயைப் போலவே சுடும், அதிக நேரம் ஆறாது; பொலித்தீனிலோ பிளாஸ்ரிக் பாத்திரத்திலோ கொட்டாதீர்கள். பாவித்த உப்பை ஆறியபின் போத்தலில் மூடி வையுங்கள். சாம்பல் நிறமாகும், அதனால் குறையில்லை, அடுத்த முறையும் வறுக்கலாம். கறிக்குப் போட வேண்டாம், கருகல் மணம் வரும்.

விறகடுப்பில் வறுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பன்னாடையும் கொக்கறையும் அடுப்பு மூட்ட நல்லவை, வறுக்க நல்லவை அல்ல. அவற்றின் சுவாலை தாச்சியின் விளிம்பு வரை ஏறிப் பக்கத்தில் கிடக்கும் பருப்பைக் கருக்கும். பாலை, வீரை போன்ற வைரம் பாய்ந்த விறகை எரித்துத் தணலாக்கி, சுவாலை அடங்கிய பிறகு தாச்சியை ஏற்றுங்கள். தணலை முன்னுக்கு இழுத்தும் பின்னுக்குத் தள்ளியும் சூட்டைக் கூட்டிக் குறைப்பது காஸ் அடுப்பின் திருகியை விட இதற்குத் தோது. நல்ல பாலைத் தணலில் வறுத்த கச்சானின் சுவை தனி.

ஓவன் இருந்தால் வேலை குறைவு. 160 பாகைக்கு முன்சூடு செய்து, தட்டில் எண்ணெய்த்தாள் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஊறவைத்துக் காய்ந்த பருப்புக்கு 25 முதல் 30 நிமிடம், ஊறவைக்காததற்கு 18 முதல் 22 நிமிடம். 7 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பிரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றுங்கள். சிறிய மேசை ஓவன்களில் பின்பக்கம் சூடு கூட. தட்டையும் முன்பின்னாகத் திருப்புங்கள். அவை காட்டுகிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றல்ல என்பதால், நேரத்தை வைத்து முடிவெடுக்காமல் பருப்பைப் பிளந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பட்டர், உப்பு, தூள்

கச்சான் சூடாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஆறிவிட்டால் பட்டர் உறைந்து மேலே மெழுகு போல நிற்கும், உள்ளே போகாது.

தாச்சியை நன்றாகத் துடைத்து ஆகக் குறைந்த நெருப்பில் வையுங்கள். உருக்கிய பட்டர் 40 கிராம், அதாவது 3 மேசைக்கரண்டி ஊற்றி, உள்ளியைச் சீவிப் போடுவதானால் முதலில் அதைப் போட்டு வெளிர் பொன்னிறம் வந்ததும் அரித்தெடுங்கள். பிறகு கழுவி நன்றாகத் துடைத்த கறிவேப்பிலை. ஈரம் இருந்தால் தெறிக்கும். அதுவும் சருகு போல ஆனதும் எடுத்துவிடுங்கள். செத்தல் மிளகாயை இரண்டாக உடைத்துப் போட்டு, சிவப்பு மாறாமல் ஊதியதும் எடுங்கள். இவற்றின் மணம் பட்டருக்குள் வந்துவிட்டது. கடைசியில் நொறுக்கித் தூவலாம். உள்ளியை அரைத்துப் போடுவது பிழை. அரைத்த உள்ளியில் தண்ணீர் அதிகம், இவ்வளவு நேரம் பட்ட பாட்டைக் கெடுத்துவிடும்.

இப்போது வறுத்த கச்சானைக் கொட்டி 2 முதல் 3 நிமிடம் பிரட்டுங்கள். ஒவ்வொரு பருப்பும் பளபளக்க வேண்டும், தாச்சியின் அடியில் பட்டர் தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் அளவு கூடிவிட்டது. அடுப்பால் இறக்கி, எடுத்து வைத்த பழுப்புக் கசடில் ஒரு தேக்கரண்டியைச் சேர்த்துக் கிளறி, உடனேயே உப்பைத் தூவுங்கள்.

இந்த உப்பு மா போல இருக்க வேண்டும். பொடி உப்பு என்று விற்பது கூட இதற்குப் பருமன். உரலிலோ கிறைண்டரிலோ இடித்து அரிதட்டில் அரித்தெடுங்கள். பருமனான மணி பருப்பில் ஒட்டாமல் போத்தலின் அடியில் போய்ச் சேரும், கடைசிக் கைப்பிடி வாயில் வைக்க முடியாது. ஊறவைத்த கச்சானுக்கு அரைத் தேக்கரண்டி போதும், ஊறவைக்காததற்கு ஒரு தேக்கரண்டி. ஒரு கையால் உயரத்திலிருந்து தூவி மறுகையால் பிரட்டினால் சீராகப் பரவும்.

மிளகாய்த்தூள் சேர்ப்பதானால் முக்கால் தேக்கரண்டி, அடுப்பால் இறக்கி ஒரு நிமிடம் கழித்து. நெருப்பில் இருக்கும்போது போட்டால் தூள் கருகிக் கசக்கும், வீட்டில் இருக்கிற எல்லாரும் இருமுவார்கள். புதிதாக இடித்த மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி போட்டு மிளகாயை முற்றாக விடுவதும் நல்ல சேர்க்கை. பட்டரின் மணத்தை மிளகு அமுக்குவதில்லை, மிளகாய் அமுக்கிவிடும். தேசிக்காய்ப் புளி விட வேண்டும் என்பவர்கள் பரிமாறும் நேரத்தில் ஒரு தட்டுக்கு மட்டும் பிழிந்துகொள்ளுங்கள். மொத்தத்திலும் பிழிந்தால் அரை மணித்தியாலத்தில் இளகிவிடும்.

சீனியோ பனங்கட்டியோ சேர்க்க வேண்டாம். இரண்டும் பாகாகி வேறு பண்டமாகிவிடும், பனங்கட்டி காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

ஆறவிடுவது

சுளகில் எண்ணெய்த்தாள் விரித்து ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். குவித்து வைத்தால் நடுவில் சூடு நின்று அங்குள்ளது கருகல் நிறத்துக்குப் போகும். பத்திரிகைத் தாளில் பரப்புவது நம்மிடம் ஊறிய பழக்கம், ஆனால் பட்டர் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். சரை சுற்றிக் கொடுக்க விரும்பினாலும் உள்ளுக்கு ஒரு எண்ணெய்த்தாள் வைத்தே சுற்றுங்கள்.

கை வைத்தால் கொஞ்சம்கூடச் சூடு தெரியாத பிறகுதான் போத்தலில் போட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்தத் துளி திரும்பக் கச்சானில் விழும். அடுத்த நாள் எல்லாம் நமத்திருக்கும்.

கஜு

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். இந்தியச் சமையற் குறிப்புகளில் முந்திரி என்று இருந்தால் அது நம்முடைய மரமுந்திரிகை, கஜு. எங்களுக்கு முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கும் பழம். அதேபோல அங்கே கடலை, வேர்க்கடலை என்றால் எங்கள் கச்சான். எங்கள் கடலை வேறு, அது அங்கே கொண்டைக்கடலை.

மன்னாரில் கொண்டச்சிப் பக்கம் கஜுத் தோட்டம் இருக்கிறது, முல்லைத்தீவின் மணற்தரை வளவுகளிலும் மரம் நிற்கிறது. வளவில் மரம் நிற்பவர்கள் கொட்டையைத் தாங்களே சுட்டு உடைக்க நினைப்பதுண்டு. குசினிக்குள் அதைச் செய்யாதீர்கள். கோதில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்த வைக்கும், சுடும்போது எழும் புகை கண்ணையும் மூச்சையும் தாக்கும். சுட்டு உடைத்த பருப்பாகவே வாங்குங்கள்.

கஜுவை ஊறவைக்க வேண்டாம், கல்லுப்பில் வறுக்கவும் வேண்டாம். அது கச்சானை விட மென்மையானது, மாச்சத்தும் இனிப்பும் கூடியது, ஆகவே விரைவாகச் சிவக்கும். ஓவனில் 150 பாகையில் 12 முதல் 15 நிமிடம். தாச்சியிலென்றால் உருக்கிய பட்டரிலேயே ஆகக் குறைந்த நெருப்பில் 6 முதல் 8 நிமிடம் பிரட்டலாம். திண்மம் நீக்கிய பட்டர் என்பதால் கருகாது, கஜுவுக்குக் கச்சானளவு நேரமும் தேவையில்லை. 500 கிராமுக்கு 30 கிராம் பட்டர் போதும். பழுத்த நெல்லின் நிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். முழுக் கஜுவையும் பாதியையும் கலந்து வறுக்காதீர்கள், பாதி முன்னமே சிவந்துவிடும். விருந்துக்குப் பாதிக் கஜுவே வாங்கலாம்; விலை குறைவு, தூளும் பட்டரும் அதில் நன்றாகப் பிடிக்கும். மிளகாய்த்தூள், உப்பு, நொறுக்கிய கறிவேப்பிலை மூன்றும் கஜுவோடு பிரமாதமாகச் சேரும்.

கச்சானும் கஜுவும் கலந்து வைக்க விரும்பினால் இரண்டையும் தனித்தனியாக வறுத்து முற்றாக ஆறிய பிறகு கலக்க வேண்டும். பாதாம் சேர்ப்பதானால் அதையும் தனியாக, 160 பாகையில் 12 முதல் 15 நிமிடம்.

பிழைத்துப் போனால்

ஆறிய பிறகும் இளகலாக இருக்கிறதா? ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையென்றால் வறுப்புக் காணாது. ஓவனில் 130 பாகையில் 8 முதல் 10 நிமிடம், அல்லது பாலைத் தணலில் ஆகக் குறைந்த சூட்டில் 5 நிமிடம் பிரட்டினால் சரிவரும். உள்ளே நிறம் வந்திருந்தும் இளகலென்றால் காற்று ஈரம் பிடித்திருக்கிறது, அதற்குப் பாதி நேரம் போதும்.

கையெல்லாம் எண்ணெய் வழிகிறதா? பட்டர் கூடிவிட்டது. உறிஞ்சும் தாளில் பரப்பி ஒற்றி எடுத்து, உப்பை மீண்டும் கொஞ்சம் தூவுங்கள். உப்பு ஒட்டாமல் கொட்டுகிறதென்றால் ஒன்றில் உப்பு பருமன், அல்லது கச்சான் ஆறிய பிறகு தூவியிருக்கிறீர்கள். ஒரு தேக்கரண்டி உருக்கிய பட்டரைச் சூடாக்கி ஊற்றிப் பிரட்டி, மா உப்பைத் தூவினால் பிடிக்கும். உப்புக் கரித்தால், உப்பில்லாமல் வறுத்த கச்சான் கொஞ்சத்தைக் கலப்பதைத் தவிர வேறு வழியில்லை. கருகியதற்கு வைத்தியம் கிடையாது. கறுத்ததைப் பொறுக்கி எறிந்து மிச்சத்தைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் விருந்துக்கு வைக்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும், எப்போது செய்வது

மிக்சர், ரோல்ஸ், கட்லட் என்று வேறு கடியும் இருக்கிற விருந்தில் ஒருவருக்கு 30 முதல் 40 கிராம் போதும். 25 பேருக்கு 1 கிலோ. இது மட்டும்தான் என்றால், குடிப்பவர்களும் இருந்தால், இரண்டு மடங்கு வையுங்கள். சாமத்திய வீடு, பிறந்தநாள் போன்றவற்றுக்கு 3 கிலோ வேண்டுமென்றாலும் 250 கிராமாகவே வறுக்க வேண்டும். பெரிய தாச்சியில் 3 கிலோவை ஒன்றாகப் போட்டால் சீராக வராது. உப்பு ஏற்கெனவே சூடாக இருப்பதால் இரண்டாவது தடவையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் பிடிக்கும். 3 கிலோவுக்கு இரண்டரை மணித்தியாலம் வறுப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள், இரண்டு பேர் மாறி மாறி நின்றால் கை வலிக்காது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னர் செய்வது கணக்கு. காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் வெயில் படாத அலுமாரிக்குள் வைத்தால் 2 கிழமை நன்றாக இருக்கும், மாரி காலத்தில் ஒரு கிழமை. அதற்குப் பிறகு பட்டர் மணம் போய்க் காறல் மணம் தொடங்கும். தட்டில் ஒரேயடியாகக் கொட்டி வைக்காமல் சிறு கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், கரண்டி ஒன்றும் வையுங்கள். ஈரக்கை பட்டால் மிச்சமும் நமத்துவிடும்.

கச்சான், கஜு ஒவ்வாதவர்களுக்கு ஒரு பருப்புக்கூட மூச்சை அடைக்க வைக்கலாம். வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றப் பலகாரத் தட்டுகளிலிருந்து தள்ளி வையுங்கள், ஒரே கரண்டியைப் பாவிக்காதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு கொடுக்கக் கூடாது, ஓடி விளையாடும்போது தொண்டையில் அடைத்துவிடும். அவர்களுக்கென ஒரு பிடியை உப்பும் தூளும் போடுவதற்கு முன்னரே எடுத்து, உரலில் மாவாக இடித்துச் சோற்றிலோ புட்டிலோ பிசைந்து கொடுங்கள்.

உருக்கிய பட்டரில் மிஞ்சிய 35, 40 கிராமை மூடி வையுங்கள். போத்தலில் கச்சான் நமத்துப்போனால் திரும்பச் சூடாக்கும்போது அரைத் தேக்கரண்டி விட்டுப் பிரட்ட அது உதவும்.